ஏ ஸ்ருதியில் அதிர்ந்த வீடு: ஒரு ராக் கச்சேரியின் நிகழ்வு ஆய்வு

சென்ற தை மாதக் கடைசியில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு இரவு ஒரே பேண்ட் வாசித்தது. சனிக்கிழமை கச்சேரி கெட்டது. ஞாயிற்றுக்கிழமை நன்றாக அமைந்தது. ஆட்கள் மாறவில்லை, பாட்டுகளும் மாறவில்லை. பெட்டிகளில் பாதிக்கு மேல் வேனிலேயே கிடந்தன. இரண்டு நாளும் சவுண்ட் மிக்ஸரில் உட்கார்ந்தவன் நான், ஆகவே சனிக்கிழமைத் தப்பில் பெரிய பங்கு என்னுடையது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்போது ரிசப்ஷன், பாட்டுக் கச்சேரி என்று அடிக்கடி நடப்பதால், நடந்ததை முழுசாக எழுதிவைக்கிறேன். வீட்டுப் பெயரும் பேண்ட் பெயரும் வேண்டாம் என்று இரு தரப்பிலும் சொல்லிவிட்டார்கள்.

பேண்ட் சென்னையில் ஆரம்பித்தது, இருபது வருடத்தைத் தாண்டிவிட்டது. பாட்டு, இரண்டு கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ் என்று ஐந்து பேர். எல்லாம் சொந்தப் பாட்டு, தமிழில். ஆல்டர்நேட்டிவ் ராக் கேட்டுப் பழகியவர்களுக்கு அவர்கள் பாணி உடனே பிடிபடும்: சரணத்தில் ஒரு கிடாரும் முணுமுணுப்பும் மட்டும் போகும், பல்லவி வந்ததும் ஐந்து பேரும் சேர்ந்து வெடிப்பார்கள், மறுபடி சட்டென்று அடங்குவார்கள். 1986-இல் பாஸ்டனில் தொடங்கிய பிக்ஸீஸ் என்ற பேண்ட் இதைத் தங்கள் அடையாளமாக வைத்திருந்தார்கள். நிர்வாணா வந்து உலகம் முழுக்கப் பரப்பியது. இந்த ஏற்ற இறக்கம்தான் பின்னால் எங்களைப் பழிவாங்கியது.

இவர்களுக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம்? கிடார்காரர்களில் ஒருவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. மாமனாருக்கு எழுபது வயதுக்கான பீமரத சாந்தி. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து கூடுகிற சமயம், இரண்டு நாள் சாயங்காலம் நம்ம ஆட்கள் வாசிக்கட்டுமே என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை கேட்டு மறுக்கிற வழக்கம் அங்கே இல்லை.

வீடு

ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பு, பட்டாசாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். வாசலில் நின்று பார்த்தால் பின்கட்டுக் கதவு வழியாக வெளிச்சம் தெரியும்.

பட்டாசாலை என்கிற பெரிய ஹாலை டேப் வைத்து அளந்தேன். நீளம் 82 அடி, அகலம் 31, உயரம் இருபதரை. தரை இத்தாலி மார்பிள். தூண்களும் மேல்தளமும் பர்மா தேக்கு. சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, கையை வைத்தால் வழுக்குகிறது. ஆள் உயரத்துக்கு நாலு பெல்ஜியம் கண்ணாடி வேறு. அத்தனை பெரிய இடத்தில் மெத்தென்று ஒரு பொருள் கிடையாது.

வளவு வேறு ரகம். நடுவில் வானம் தெரிகிற முற்றம், நாலு பக்கமும் ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமாகித் தனிக் குடும்பமான ஒவ்வொரு பங்காளிக்கும் சொந்தம். சாவியும் அவரவரிடம்தான். பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன, சாவிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமுறை தலைமுறையாக மைக்கே இல்லாமல் நாதஸ்வரமும் தவிலும் முழங்கியது அந்த வளவில்தான். பட்டாசாலையில் ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள், கணக்குப் பார்ப்பார்கள். இந்த வித்தியாசத்தை வீட்டுக்காரர்கள் அறிந்திருந்தார்கள். நாங்கள் கேட்கவில்லை.

சனிக்கிழமை

வளவில் யாக குண்டமும் கலசங்களும் இருந்ததால் பட்டாசாலையில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. கூரை இருக்கிறது, மேடை போட இடம் இருக்கிறது. பேண்ட் அனுப்பிய பட்டியலை அப்படியே நிறைவேற்றினேன். பக்கத்துக்கு நாலு லைன் அரே பெட்டி, கீழே 18 இன்ச் பேஸ் பெட்டி நாலு, மேடையில் வாசிப்பவர்கள் தங்களைக் கேட்க ஐந்து மானிட்டர் பெட்டி. கல்லூரி மைதானத்துக்குத் தேவையான சரக்கு. உட்காரப் போவதோ நூற்றி இருபது பேர். பேஸ் பெட்டிகளை வழியில் இடறாமல் இருக்கச் சுவர் மூலைகளில் தள்ளி வைத்தோம். மூலையில் வைத்த பேஸ் பெட்டி இரண்டு சுவரையும் தரையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கூடுதலாக முழங்கும் என்பது இந்தத் தொழிலில் முதல் வருடமே தெரிந்துவிடுகிற விஷயம். தெரிந்தேதான் வைத்தேன்.

மதியம் மூன்று மணிக்கு ஹாலின் நடுவில் நின்று ஒரு தட்டுத் தட்டினேன். உத்தரத்தில் இருந்த புறா எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்த் தூணில் உட்கார்ந்தபோதும் காதில் அந்தத் தட்டின் வால் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் பலூன் உடைத்து போனில் அளந்தோம். சத்தம் 60 டெசிபல் இறங்க மூன்றரை செகண்ட். சவுண்ட்காரர்கள் வாயில் இதற்கு ‘எக்கோ’ என்று ஒரே பெயர்தான்.

“கூட்டம் வந்தா சரியாயிடும்ணே” என்றான் பெட்டி இறக்கும் தம்பி. நானும் அதையே சொல்லிக்கொண்டேன். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்கிற வாக்கியம்.

ஏழு மணிக்குத் தொடங்கினார்கள். முதல் பாட்டின் முதல் பல்லவியிலேயே கதை முடிந்தது. பேஸ் கிடாரும் கிக் டிரம்மும் ஒன்றாகக் கலந்து ஒரு பெரிய உறுமலாகிவிட்டன. பல்லவி நின்று பாடகர் மெதுவாகச் சரணம் எடுக்கும்போது முந்தைய உறுமல் இன்னும் அடங்கவில்லை. வார்த்தை வெளியே வரட்டும் என்று பாட்டைக் கூட்டினேன், மைக் கத்தியது. பாட்டைக் குறைத்துக் கிடாரைக் குறைத்தேன். மேடையில் அவர்களுக்கு ஒன்றும் கேட்காமல் போய், ஆம்ப்ளிஃபயரை அவர்களே கூட்டிக்கொண்டார்கள். நான் பெட்டியில் குறைப்பதை அவர்கள் மேடையில் கூட்ட, மிக்ஸர் பக்கத்து மீட்டர் 106 டெசிபலைத் தொட்டது. மூன்றாவது பாட்டில் பாடகர் சட்டென்று மைக்கை விட்டுப் பின்வாங்கினார். உதட்டில் ஷாக். கிடார் ஆம்ப்ளிஃபயர்களை வீட்டு பிளக்கிலும் மிக்ஸரை ஜெனரேட்டரிலும் போட்டிருந்தோம். வீட்டு பிளக்கில் மூன்று துளை இருந்ததே தவிர மூன்றாவது துளைக்கு எர்த் இல்லை. மாப்பிள்ளையின் கிடார் கம்பிக்கும் பாடகரின் மைக்குக்கும் நடுவே மீட்டர் 90 வோல்ட் காட்டியது. பாடகரும் கையில் ஒரு கிடார் வைத்திருந்தார்; கம்பியில் கை, மைக்கில் உதடு, அதனால்தான் ஷாக்.

ஒன்பது மணிக்கு எல்லாரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளைக்காகத் தட்டினார்கள்.

மறுநாள் காலை காபி கொண்டுவந்த ஆச்சி கேட்டார்கள்: “ஏந்தம்பி, நேத்துப் பாடுனாகளே, அது தமிழா?”

“தமிழ்தான் ஆச்சி.”

“அப்ப எனக்குத்தான் காது போயிருச்சாக்கும்” என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்கள். மேல்மாடி ஜன்னலிலிருந்து முழுக் கச்சேரியும் கேட்டவர் அவர்.

ராத்திரிக் கணக்கு

சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன்.

முதலில் ‘கூட்டம் வந்தா சரியாயிடும்’ என்பதை எடுத்துக்கொண்டேன். பாதி உண்மை. மனித உடம்பும் துணியும் நடுத்தர, உச்ச ஒலிகளை நன்றாகக் குடிக்கும். பேஸ் ஒலியைக் குடிப்பது ரொம்பக் குறைவு. கூட்டம் வந்து உட்கார்ந்ததும் ‘ச’, ‘ட’, ‘த’ என்று வார்த்தையை வார்த்தையாக்கும் மெய்யெழுத்துச் சத்தமெல்லாம் பட்டுப்புடவைகளில் அடங்கிப்போனது. பேஸ் மட்டும் காலி ஹாலில் இருந்த மாதிரியே மூன்றரை செகண்ட் உருண்டது. அதாவது கூட்டம் வந்ததால் தெளிவு இன்னும் கெட்டது. டென்மார்க்கில் அடெல்மன்-லார்சன் என்று ஒருவர், அவரே டிரம்ஸ் வாசிப்பவர், ராக் கச்சேரி நடக்கும் 20 அரங்குகளை அளந்து, வாசிப்பவர்களிடமும் சவுண்ட்காரர்களிடமும் கருத்துக் கேட்டு 2010-இல் எழுதினார். அவர்களுக்குப் பிடித்த அரங்குகளில் முழக்கம் சின்னதாக இருந்தது, குறிப்பாகப் பேஸ் பகுதியில். மற்ற ஒலிகளில் கொஞ்சம் முழங்கினாலும் பொறுத்துக்கொள்கிறார்கள், பேஸ் முழங்கினால் ராக் செத்தது.

அடுத்து ஏற்ற இறக்கம். பல்லவிக்கும் சரணத்துக்கும் சுமாராக 20 டெசிபல் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 டெசிபல் இறங்க மூன்றரை செகண்ட் என்றால் 20 இறங்க ஒரு செகண்டுக்கு மேல். நிமிடத்துக்கு 120 தட்டு போகிற பாட்டில் அது இரண்டு தட்டுக்கும் அதிகம். சரணத்தின் முதல் இரண்டு வார்த்தை பல்லவியின் வாலுக்கு அடியில் புதைந்துவிடும். ஒரே மட்டத்தில் சத்தமாக வாசிக்கிற பேண்டாக இருந்தால் இரைச்சல் என்று சொல்லியிருப்பார்கள், இப்படி வார்த்தை தொலைந்திருக்காது.

மூன்றாவதுதான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. ஒலி ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 1,140 அடி போகும். ஒவ்வொரு ஹாலும் தன் நீள அகல உயரத்துக்குத் தகுந்த சில ஸ்வரங்களில் தானாகவே அதிரும். 31 அடி அகலத்துக்கு அடிப்படை 18 ஹெர்ட்ஸ் சொச்சம், அதன் மூன்று மடங்கு 55. இருபதரை அடி உயரத்துக்கு 28-க்குக் கொஞ்சம் கீழே, அதன் இரண்டு மடங்கு 55 சொச்சம். 82 அடி நீளத்துக்கு ஏழுக்குக் கொஞ்சம் கீழே, அதன் எட்டு மடங்கும் 55 சொச்சம். நீளம் உயரத்தைப் போல நான்கு மடங்கு, அகலம் ஒன்றரை மடங்கு என்று வீடு கட்டினவர்கள் அழகாகப் பிரித்து வைத்ததால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. பேஸ் கிடாரின் ஏ கம்பியைத் தட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். பேண்டின் பிரபலமான பாட்டு ஏ ஸ்ருதியில் இருக்கிறது. மூலையில் பேஸ் பெட்டி வைத்து, அந்த ஸ்வரத்தை நானே ஊட்டியிருக்கிறேன்.

ஞாயிறு

காலையில் யாக சாமான் எல்லாம் எடுத்து, வளவைக் கழுவி விட்டிருந்தார்கள். முற்றத்து நடுவில் நின்று தட்டினேன். டப்பென்று ஒரு சத்தம், தாழ்வாரத்தில் சின்னதாக ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். திறந்த வானம் பேஸ், நடுத்தரம், உச்சம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. எந்தக் கடையிலும் அப்படி ஒரு பொருள் விற்பதில்லை.

ஐயாவிடம் வளவைக் கேட்டோம். “போட்டுக்கங்க. செருப்பு, பூட்ஸ் ஒண்ணும் கூடாது” என்றார். அப்போது அது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. கழுவி விட்ட கல்தரையில் வெறுங்காலோடு மின் கிடார் வாசிக்கப்போகிறார்கள், நேற்று உதட்டில் ஷாக் அடித்திருக்கிறது. முதல் வேலையாக வீட்டு பிளக் ஒன்றையும் தொடக்கூடாது என்று முடிவெடுத்தோம். எல்லாம் ஜெனரேட்டரிலிருந்து, ஒரே பெட்டி வழியாக, 30 மில்லியாம்ப் கசிந்தால் விழுந்துவிடுகிற சுவிட்ச் போட்டு. பின்கட்டுத் தோட்டத்தில் எர்த் கம்பியை இறக்கி, உப்பும் கரியும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். மீட்டர் வைத்துப் பார்த்தபோது கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே அரை வோல்ட் கூட இல்லை. அப்படியும் கால் வைக்கிற இடமெல்லாம் ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் ஜமுக்காளம் விரித்தோம்.

பேஸ் பெட்டி ஒன்று போதும், அதுவும் மூலையில் வேண்டாம். பக்கத்துக்கு ஒரு சின்னப் பெட்டி. எதிர்த் தாழ்வாரத்தில் உட்காருபவர்களுக்கு 35 அடி தள்ளி இன்னொரு சின்னப் பெட்டி. முன்பெட்டியின் சத்தம் அங்கே வர 31 மில்லிசெகண்ட் ஆகும். அதோடு பத்து சேர்த்து 41 தாமதம் வைத்தோம். முன்னால் வருவதைத்தான் காது நம்பும் என்பதால் பின்பெட்டியில் கேட்டாலும் பாடகர் வாயிலிருந்து வருகிற மாதிரியே இருக்கும்.

டிரம்ஸுக்குப் பின்னால் கல்யாண மெத்தைகளை நிறுத்தினோம். இலவம்பஞ்சு மெத்தை பன்னிரண்டு, மாடியிலிருந்து இறங்கியது. (1895-வாக்கில் ஹார்வர்டில் ஒரு வகுப்பறையின் முழக்கத்தைச் சரிசெய்யச் சொன்னபோது இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, விடிவதற்குள் திருப்பி வைப்பாராம். முழக்கக் கணக்கின் சூத்திரமே அதிலிருந்து பிறந்ததுதான். எங்கள் பையன்கள் அந்த அளவுக்குச் சந்தோஷமாகத் தூக்கவில்லை.) மெத்தை சிம்பல் சத்தத்தைக் குடிக்கும். பேஸுக்கு அது உதவாது, அதற்கு வானம் இருக்கிறது.

மிச்சம் வாசிப்பவர்கள் கையில். தடிக் குச்சிக்குப் பதில் மூங்கில் சிம்புகளைக் கட்டிய ராட்ஸ் வைத்து வாசிக்க முடியுமா என்று டிரம்மரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். 1993 நவம்பரில் நியூயார்க்கில் எம்டிவிக்காக நிர்வாணா அன்பிளக்ட் வாசித்தபோது அவர்களுடைய டிரம்மர் டேவ் க்ரோலுக்கே அப்படித்தான் பிரஷ்ஷையும் ராட்ஸையும் கொடுத்தார்கள் என்று ஆரம்பித்தேன். “சார், நிர்வாணா கதையெல்லாம் எனக்கே சொல்றீங்களா? பையில ரெண்டு ஜோடி இருக்கு. நேத்தே கேட்டிருந்தா நேத்தே எடுத்திருப்பேன்” என்றார். நேற்று நான் கேட்கவில்லை.

மானிட்டர் வேண்டாம் என்று சொன்னது பேஸ்காரர். ஐந்து பேரும் அரைவட்டமாக, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். பாடகருக்கு மட்டும் சின்னதாக ஒன்று வைத்தோம். கிடார் ஆம்ப்ளிஃபயர்களைக் கூட்டத்தைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரித் திருப்பினோம். என் அனுபவத்தில், இரண்டு மூன்று வருடப் பேண்ட் ஒன்றிடம் இதையெல்லாம் கேட்டால் சண்டைதான் வரும். சத்தம்தான் அவர்களுக்குத் தைரியம், சத்தம் குறைந்தால் தாளம் ஆடும். இந்த ஐந்து பேருக்கும் ஒருவர் தோள் அசைவது போதும், பல்லவி எங்கே விழும் என்று தெரியும். இருபது வருடத்தில் அவர்களுக்குச் சேர்ந்த சொத்து அதுதான் என்பேன். நான் நேற்று அதை நாலு பேஸ் பெட்டியால் மூடி வைத்திருந்தேன்.

ஆறரைக்கு ஆரம்பித்தோம். திறந்த முற்றம் என்பதால் மூடிய அரங்குக்கான சலுகை இதற்குச் செல்லாது. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிப்படி பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு முடிப்பதாகப் பேச்சு. அன்றைக்கு ஊர்க்காரர்களும் வந்ததால் இருநூறு பேருக்கு மேல் இருக்கும். தாழ்வாரத்தில் பாய், திண்ணையில் கிழவர்கள், மாடிக் கைப்பிடி நெடுகப் பெண்கள். மீட்டர் 92-ஐத் தாண்டவில்லை. பல்லவி வெடித்தது, நின்றது, நின்ற இடத்தில் உண்மையாகவே அமைதி இருந்தது. அந்த அமைதியில் பாடகர் சரணத்தின் முதல் வார்த்தையைக் கிட்டத்தட்ட பேசுகிற குரலில் சொன்னார். மாடியிலிருந்து யாரோ ஒரு பெண் “ஆ!” என்றது மிக்ஸர் வரைக்கும் கேட்டது.

அண்டா

எல்லாம் நன்றாக நடந்துவிட்டதா என்றால், இல்லை. மதியம் ஒத்திகையிலேயே ஒரு தொல்லை தலைகாட்டியது. பிரபலமான அந்தப் பாட்டில் பேஸ்காரர் ஏ கம்பியை நீட்டிப் பிடிக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ ‘ஙீஈஈ’ என்று ஒரு ரீங்காரம். பேஸ் பெட்டி கிழிந்துவிட்டதோ என்று கழற்றிப் பார்த்தோம். டிரம்மின் அடியில் இருக்கும் ஸ்நேர் கம்பிகளை அவிழ்த்தோம். கேபிள் மாற்றினோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, தாழ்வாரத்தின் வடகிழக்கு மூலையில் இருந்த அறைக் கதவில் காதை வைத்தார். “உள்ளதான் தம்பி இருக்கு” என்றார்.

நானும் காதை வைத்தேன். உள்ளே ஒரு கல்யாணச் சீர்ப் பாத்திரம் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறது. பித்தளை அண்டாவுக்குள் அண்டா, மேலே தாம்பாளங்கள், எல்லாம் ஒன்றோடொன்று உரசி ஏ ஸ்வரத்துக்கு மட்டும் நடுங்குகின்றன. சனிக்கிழமை பட்டாசாலை உறுமலில் இது யாருக்கும் கேட்டிருக்காது. நடுவில் ஒரு துணியைச் செருகினால் போதும். ஆனால் அது இன்னொரு புள்ளியின் அறை, சாவி சிங்கப்பூரில். பூட்டை உடைப்பதைப் பற்றி வாயே திறக்க முடியாது.

ஈக்வலைசரில் 55-ஐ வெட்டிப் பார்த்தேன். ரீங்காரம் குறைந்தது, பாட்டு சப்பென்று ஆனது. பேஸ்காரர் ஒரு ஸ்தாயி மேலே வாசித்துப் பார்த்தார், அடித்தளமே இல்லாமல் போனது. மிச்சம் இருந்தது ஒரே வழி. பாட்டையே ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கினால் அடிஸ்வரம் 49-க்குப் போய்விடும், அண்டாக்கள் சும்மா இருக்கும். இத்தனை வருடம் ஏ-யிலேயே பாடி, ரெக்கார்டும் ஆன பாட்டு. கச்சேரிக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. இதை எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையே பாடகரிடம் கேட்டுவிட்டார்.

பாடகருக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. கையிலிருந்த சுக்கு வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். “ரெண்டு வருஷமா நான் இதைத்தானடா கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார்.

சித்திரையில் கோயம்புத்தூர்க் கச்சேரிக்கு அனுப்பிய பாட்டுப் பட்டியலின் நகல் ஒன்றை மாப்பிள்ளை எனக்கும் அனுப்பியிருந்தார். அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் ஜி என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அண்டா வரைந்திருந்தார்கள்.